நான் தண்ணீர் விட்டுப் பிசைந்த களிமண்

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அனுபவக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று, இப்போது பட்டறையில் இருக்கிற பிட்டர்கள் இருவர் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். "பழைய மரமில் மெஷினையெல்லாம் எப்படிப் பிரிச்சு மாட்டினீங்கன்னு எழுதுங்க. இப்ப எல்லாம் பால் பேரிங்தானே, ஈயம் உருக்கி ஊத்தினதை நாங்க யாரும் பாக்கல்ல" என்றார்கள். சிரிக்கிற மாதிரி நாலு சம்பவமும் வேண்டுமாம். சிரிக்கிற சம்பவம் என்னிடம் இல்லாமல் இல்லை. ஆனால் ஈயம் ஊற்றுவதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு காரியம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் ஏமாற்று வேலை. மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

நான் கருங்கல் ஊரில் ஒரு பட்டறையில் சேர்ந்தது நாற்பத்தேழில். துரைமார் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. மலை எஸ்டேட்டுகளில் மரம் அறுக்கவும் தேயிலைப் பெட்டிக்குப் பலகை இழைக்கவும் அவர்கள் வைத்திருந்த மெஷின்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். முப்பது நாற்பது வருஷம் உழைத்த இரும்பு. பாதி துருப்பிடித்துச் செடி முளைத்துக் கிடக்கும். நம்மூர் மரமில் முதலாளிமார் அதை வாங்கி லாரியில் ஏற்றிவந்து எங்கள் முன்னால் இறக்கி, "ஓட வச்சுத் தாங்க" என்பார்கள். எங்கள் பிழைப்பு அதுதான். முதல் வருஷம் மண்ணெண்ணெயில் துரு கழுவினேன், அடுத்த வருஷம் அரம் பிடித்தேன். தொழில் படித்த கதையில் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

ஞானமுத்து மேஸ்திரிதான் எங்கள் தலைவர். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லி ஆள், வெள்ளை ஜிப்பாவை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு வேலை பார்ப்பார். பிள்ளைகள் இல்லை, மனைவி ரெத்தினம் அக்கா மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்தால்கூட நேரே பட்டறைக்கு வந்து, பிரித்துப் போட்ட சாமான்களை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

மெஷினைப் பிரிப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. முதல் நாள் யாரும் ஸ்பானரைத் தொடக்கூடாது. துருப்பிடித்த நட்டுகளுக்கெல்லாம் மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றி ஊற விடுவோம். அவர் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து மோந்து பார்ப்பார். ஆமாம், மோந்துதான். எந்தப் பேரிங் சூட்டில் வெந்தது, எதில் கிரீஸ் கெட்டது, எதில் வேறு எண்ணெய் விட்டு ஓட்டினார்கள் என்பதெல்லாம் அவருக்கு மூக்கில் தெரிந்தது. மறுநாள் பிரிக்கும்போது, கழற்றுகிற ஒவ்வொரு சாமானும் ஓலைப்பாயில் கழன்ற வரிசைப்படி இடமிருந்து வலமாகப் போக வேண்டும். எந்த நட்டு எந்த போல்ட்டோடு இருந்ததோ அதிலேயே திரும்பப் பூட்டி வைக்க வேண்டும். முப்பது வருஷம் ஒன்றோடொன்று தேய்ந்து பழகினதைப் பிரித்து வேறு ஜோடி சேர்க்கக்கூடாது என்பார்.

அவர் யாரையும் திட்டினதில்லை. தப்புச் செய்தால் உங்கள் கையில் இருக்கிற ஸ்பானரை மெதுவாக வாங்கிக்கொள்வார். "கையைக் கெட்டிட்டு நில்லு" என்பார். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் வரை எல்லாரும் வேலை பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்க வேண்டும். வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்த்துவிட்டுப் போவான். நாலு அடி அடித்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். நான் மூன்று முறை நின்றிருக்கிறேன். நான்காவது முறை நிற்கக்கூடாது என்பதில்தான் எல்லாம் வந்தது.

நாற்பத்தொன்பது ஆனி மாதம். குலசேகரத்துக்கு மேலே, பேச்சிப்பாறை போகிற வழியில் ஒரு மரமில். முதலாளி ஒரு பெரிய பேண்டு சா மெஷின் வாங்கிப் போட்டிருந்தார். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடுகிற நீளப் பட்டை வாள். கீழ்ச் சக்கரத்தின் பேரிங் தேய்ந்து, சக்கரம் ஆட்டம் கண்டிருந்தது. நாங்கள் அங்கேயே மூன்று வாரம் தங்கி வேலை பார்த்தோம்.

இந்தக் காலத்துப் பிட்டர்களுக்காகச் சொல்கிறேன். அந்தப் பேரிங்குகளில் உருண்டை கிடையாது. இரும்புக் கூட்டுக்குள்ளே வெள்ளை ஈயம் வார்த்திருக்கும், அதில்தான் ஷாப்ட் சுழலும். தேய்ந்தால் பழைய ஈயத்தை உருக்கி வடித்துவிட்டுப் புதிதாக வார்க்க வேண்டும். ஷாப்டை மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் காட்டிக் கரி பிடிக்க வைப்போம், அப்போதுதான் ஈயம் அதில் ஒட்டாது. பிறகு ஷாப்டைக் கூட்டுக்கு நடுவில் ரசமட்டம் வைத்து நிறுத்துவோம். கூட்டைச் சூடாக்குவோம். இரண்டு பக்கத்து இடைவெளியையும் களிமண்ணால் அடைத்து, மேலே ஊற்றுவதற்கு ஒரு வாய் வைப்போம். தேங்காய்ச் சிரட்டைக் கரித் தீயில் ஈயம் உருகும். பதம் பார்க்க ஈர்க்கில், அதாவது தென்னை ஓலைக் குச்சி ஒன்றை அதில் முக்கி எடுக்க வேண்டும். ஈர்க்கில் வெளுத்தபடி வந்தால் சூடு போதாது, தீப்பிடித்தால் சூடு அதிகம். தவிட்டு நிறத்துக்குக் கருகி வந்தால் பதம். பிறகு நிறுத்தாமல் ஒரே கையாக ஊற்ற வேண்டும்.

இதில் எல்லாவற்றையும்விட மேஸ்திரி கண்டிப்பாக இருந்தது அந்தக் களிமண்ணில். குளத்து மண்ணை வெயிலில் காயவைத்து, இடித்து, சலித்து, டின்னில் போட்டுக் கொண்டுபோவோம். அதைத் தண்ணீரில் பிசையவே கூடாது. தேங்காய் எண்ணெயில், எங்கள் பக்கத்து வெளிச்செண்ணெயில்தான் பிசைய வேண்டும். மண்ணில் துளி ஈரம் இருந்தாலும் உருகின ஈயம் பட்டதும் ஆவியாகி வெடிக்கும். அதற்கென்று ஒரு புட்டி எண்ணெய் கருவிப் பெட்டியில் இருக்கும். அவரே அதற்குத் தக்கை வைத்து மூடுவார். "இது வெளிச்செண்ணெய் இல்ல, நம்ம கண்ணாக்கும்" என்பார்.

அந்தப் புட்டியை நான் காலி செய்திருந்தேன்.

வேலை முடிந்தால் மில்லுக்குப் பின்னால் ஓடுகிற சானல் வாய்க்காலில் குளிக்கப் போவோம். எங்கள் பக்கத்தில் உச்சியில் எண்ணெய் வைக்காமல் எவனும் தண்ணீரில் இறங்க மாட்டான். வீட்டில் இருந்தால் அம்மா கிண்ணத்தில் எடுத்து வைப்பாள். அங்கே யார் தருவார்? முதல் நாள் புட்டியிலிருந்து உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்தேன். அடுத்த நாளும் எடுத்தேன். மேஸ்திரிக்கு முன்பே குளித்து வந்துவிடுவதால் அவர் பார்க்கவில்லை. பதினெட்டு நாளில் புட்டி தீர்ந்துவிட்டது. எனக்கு அது தெரிந்ததே ஈயம் ஊற்றுகிற அன்று காலையில், மண்ணைப் பிசையச் சொல்லி அவர் டின்னை என் பக்கம் தள்ளினபோதுதான்.

கடை ஒன்றரை மைல். மழை கொட்டிக்கொண்டிருந்தது. மழையா எனக்குப் பெரிசு? எண்ணெய் எங்கே போயிற்று என்று அவரிடம் சொல்ல வேண்டுமே, அதுதான் பெரிசு. புது மெஷின் என்று அன்று முதலாளி வந்திருந்தார், அறுப்புக்காரர்கள் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் கையைக் கட்டி நிற்பதா? நான் கொட்டகைக்குப் பின்னால் போனேன். கூரையிலிருந்து ஒழுகின தண்ணீரில் ஒரு சிரட்டை பிடித்து மண்ணில் விட்டுப் பிசைந்தேன். அடுப்போரம் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். வெளிப்பக்கம் காய்ந்ததும் உள்ளேயும் காய்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புட்டியைக் கவிழ்த்து வைத்ததில் நாலு சொட்டு இறங்கியது. அதை மேலே தடவினேன். என்னை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். முட்டாள் அந்த நாலு சொட்டைத் தடவியிருக்க மாட்டான்.

கூடு சூடேறின பிறகு இரண்டு பக்கமும் மண்ணை அடைத்தேன். மேஸ்திரி வந்து விரலால் அழுத்திப் பார்த்தார். விரலில் எண்ணெய் ஒட்டியது. மூக்குக்குக் கொண்டுபோய் இரண்டு முறை உறிஞ்சினார். நாலு நாளாக அவருக்கு ஜலதோஷம்.

"மூக்கு அடைச்சுக் கெடக்கு, ஒண்ணும் தெரியல்ல" என்றார். என்னைப் பார்த்தார். "ஏலே செல்லப்பா, எண்ணெயிலதானே பிசைஞ்ச?"

"ஆமா மேஸ்திரி."

"முழுக்க?"

"முழுக்க."

"கொள்ளாம்" என்று சொல்லி அகப்பையை எடுக்கப் போனார். அதுதான் அவர் பாராட்டு. வருஷத்துக்கு இரண்டு தரம் கேட்டால் அதிகம்.

ஈர்க்கிலை முக்கினார். தவிட்டு நிறத்தில் வந்தது, நானும் பார்த்தேன். ஈயம் வாய்வரை ஏறுகிறதா என்று பார்ப்பதற்காக எப்போதும் போல முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் ஊற்ற ஆரம்பித்தார். பாதி போயிருக்கும். உலைத் தண்ணீர் பொங்குகிற மாதிரி ஒரு கொதிப்புச் சத்தம், அடுத்த நொடி வெடித்தது. கொட்டகைக் கூரையின் அடிப்பக்கமெல்லாம் ஈயம் தெறித்து ஒட்டியது. மேஸ்திரி அலறவில்லை. கையில் இருந்த அகப்பையில் பாதி ஈயம் மிச்சம் இருந்தது. அதை யார் மேலும் சிந்தாமல் தடவித் தடவித் தரையில் நிமிர்த்தி வைத்தார். அதற்குப் பிறகுதான் இரண்டு கையையும் முகத்துக்குக் கொண்டுபோனார்.

மில் லாரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்னை மெஷினைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப் போனார்கள். எல்லாரும் லாரி பின்னால் ஓடினபோது நான் செய்த காரியத்தையும் எழுதிவிடுகிறேன். ஒட்டிக்கொண்டிருந்த களிமண்ணைச் சுரண்டி எடுத்து, சிதறிக் கிடந்ததையும் பொறுக்கி, சானலில் எறிந்தேன்.

இரண்டு கண்ணும் போய்விட்டது. மூன்றாம் நாள் முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். நானும் கட்டில் பக்கத்தில் நின்றேன். எப்படி ஆயிற்று என்று அவர் கேட்டார். மேஸ்திரி முகம் முழுக்கக் கட்டுப்போட்டுப் படுத்திருந்தார்.

"மண்ணை நான் தொட்டுப் பாத்தேன், அதில குத்தம் இல்ல" என்றார். "கூடு உள்ள சூடேறல்ல போல. மழையில நனைஞ்ச இரும்பு. எனக்க கணக்குதான் தப்பிப் போச்சு. பயலுவள ஒண்ணும் சொல்லாதீங்க."

அப்போது நான் வாயைத் திறந்திருந்தால் அடித்துத் துரத்தியிருப்பார்கள். ஒருவேளை போலீசுக்கும் போயிருக்கும். நான் திறக்கவில்லை. அவர் வீட்டுக்கு வந்த பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தார். காயம் ஆறட்டும் என்று நினைத்தேன். காயமும் ஆறியது.

அந்தப் பேரிங்கை நான்தான் பிறகு வார்த்தேன், எண்ணெயில் பிசைந்த மண்ணை வைத்து. மெஷின் ஓடியது. முதலாளி என்னை மில்லிலேயே வைத்துக்கொண்டார். இரண்டு வருஷத்தில் என்னையும் மேஸ்திரி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவறாமல் அவர் வீட்டுக்குப் போவேன். கருப்பட்டி, மரச்சீனிக் கிழங்கு, தேங்காய்ப்பட்டணத்து மீன் என்று ஏதாவது கையில் இருக்கும். ரெத்தினம் அக்கா வெள்ளை நூலில் ரேந்தை, இப்போது லேஸ் என்கிறார்களே, அதைப் பின்னி விற்றுத்தான் வீடு நடந்தது. கண் பக்கத்தில் நூலைக் கொண்டுபோய் விடிந்ததிலிருந்து பின்னுவாள். "எங்க மனுசனுக்குக் கூடப்பிறந்த தம்பிகூட இப்பிடிப் பாக்க மாட்டான்" என்று எனக்குக் கட்டன் காப்பி தருவாள். அதைக் குடித்திருக்கிறேன்.

மேஸ்திரிக்குப் பேச ஒரே காரியம்தான். நான் உட்கார்ந்ததும் தொடங்குவார்.

"செல்லப்பா, ஷாப்டில கரி நல்லாப் பிடிச்சிருந்துல்லா?"

"பிடிச்சிருந்தது மேஸ்திரி."

"ஈர்க்கில் தவிட்டு நெறத்துலதானே வந்துது?"

"ஆமா."

"கூட்டில நான் எச்சி தொட்டு வச்சப்ப சுர்னு சொல்லிச்சு. எனக்கு ஓர்மை இருக்கு. பின்னே எங்கதான் தப்பிச்சு?"

நான் காப்பியைக் குடித்துக்கொண்டிருப்பேன். அவர் மறுபடியும் முதலிலிருந்து வருவார். கைகள் இரண்டும் காற்றில் அகப்பையைப் பிடிக்கும், சாய்க்கும், நிற்கும். ஒரு ஞாயிறு கூட்டைக் குறை சொல்வார், அடுத்த ஞாயிறு கரித் தீயை. கடைசியில் எப்போதும் தன்னிடம் வந்து நிற்பார். "இருவது வருசம் செய்தவன் சூடு தெரியாம ஊத்தியிருக்கேன். கண்ணு போனது போட்டும். எனக்க கைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஆயிப்போச்சே" என்பார். அவர் ராத்திரியில் உறங்குவதில்லை என்று அக்கா சொன்னாள். ஏழு வருஷம் இப்படிப் போயிற்று. சொல்லத்தான் ஒவ்வொரு வாரமும் போனேன் என்று எழுதினால் நம்புவீர்களா? நானே முழுசாக நம்பவில்லை.

ஐம்பத்தாறில், எங்கள் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்த சமயம், முதலாளி இன்னொரு எஸ்டேட் மெஷினை வாங்கினார். ஒரே நீள ஷாப்டுக்கு வரிசையாக மூன்று பேரிங். மூன்றும் ஒரே நூலில் நிற்க வேண்டும். நான் இரண்டு முறை வார்த்தேன். இரண்டு முறையும் நடுப் பேரிங் ஷாப்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. "ஞானமுத்து மேஸ்திரியைக் கூட்டிட்டு வா" என்றார் முதலாளி. "அவரு நாற்காலியில இருந்து வாயால சொல்லட்டும், நீ செய். மாசச் சம்பளமே போட்டுக் குடுக்கேன்." ரெத்தினம் அக்காவுக்கும் அதற்குள் பார்வை மங்கி ரேந்தை வேலை குறைந்திருந்தது. அந்த வீட்டுக்கு இதைவிட நல்ல சேதி இருக்க முடியாது. அன்றே ஓடினேன்.

மேஸ்திரி முழுவதும் கேட்டுக்கொண்டார். மூன்று பேரிங் என்றதும் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. நடுவில் உள்ளதை எதில் தாங்கி நிறுத்தினாய் என்றுகூடக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"வேண்டாம் மக்கா. தப்பின கையாக்கும் இது. எனக்க வாய்ச்சொல்லைக் கேட்டு இன்னொருத்தனுக்குக் கண்ணு போகவா? நான் வரமாட்டேன்."

"அப்படி ஒண்ணும் ஆகாது மேஸ்திரி."

"உனக்கு எப்பிடித் தெரியும்? அன்னைக்கு எங்க தப்பிச்சுன்னு எனக்கே தெரியாது. உனக்குத் தெரியுமா?"

உனக்குத் தெரியுமா என்று இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் நேரே கேட்டதே இல்லை.

"தெரியும்" என்றேன். "மண்ணுல தண்ணி விட்டுப் பிசைஞ்சேன். மேல மட்டும்தான் எண்ணெய்."

உள்ளே அக்கா ரேந்தை பின்னுகிற தலையணையில் மரக் கோல்கள் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எம்புட்டுத் தண்ணி?" என்றார்.

"ஒரு சிரட்டை."

"எண்ணெய் எங்க போச்சு?"

"நான் குளிக்கப் போறப்போ தலைக்கு எடுத்தேன்."

"அப்போ கூட்டில சூடு?"

"சரியாத்தான் இருந்தது மேஸ்திரி. எல்லாம் சரியாத்தான் இருந்தது."

அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் தன் இரண்டு கைகளையும் தூக்கி, ஒன்றை ஒன்று தடவினார். முகம் மலர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் சிரித்தார்.

"ஏட்டி ரெத்தினம்! இங்கோட்டு வா! கேட்டியா, சூடு சரியாத்தான் இருந்திருக்கு! எனக்க கணக்கு தப்பல்லட்டி!"

அக்கா ஓடி வந்தாள். அவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார், சின்னப் பிள்ளை பரீட்சையில் ஜெயித்த மாதிரி. அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு என்னைப் பார்த்தாள். எனக்காகக் காப்பிக்கு எடுத்து வைத்திருந்த கருப்பட்டித் துண்டு என் பக்கத்தில் இருந்தது, அதை எடுத்து மடியில் சொருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மேஸ்திரி சிரித்து முடித்தார். குரல் பழையபடி மெதுவாகிவிட்டது.

"முதலாளிட்டச் சொல்லு, நாளைக்கு நான் வாறேன். வேற பிட்டரை நிறுத்தச் சொல்லு. நீ அங்க நிக்கப்பிடாது. இங்கயும் இனி வரப்பிடாது."

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கருவியை வச்சிட்டுப் போ" என்றார். அதன் பிறகு தேங்காய்ப்பட்டணத்துப் பக்கம் வள்ளத்துக்குப் பலகை அறுக்கிற ஒரு மில்லில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறுகிற வரைக்கும் அங்கேதான் இருந்தேன். அவர் வீட்டுப் படியை மறுபடி மிதிக்கவில்லை.

ஒன்றே ஒன்று செய்தேன். அந்த மூன்று பேரிங்கையும் வார்க்கிற அன்று, குலசேகரத்தில் பஸ் இறங்கி நடந்து, மில் வேலிக்கு வெளியே ரோட்டில் அடுக்கியிருந்த மரத்தடிகளுக்குப் பின்னால் நின்றேன். உள்ளே பார்க்க முடியவில்லை. சிரட்டைக் கரிப் புகை வந்தது. யாரோ பயந்து தயங்கி ஏதோ கேட்டான். அதற்கு அவர் குரல், ஏழு வருஷமாக நான் கேட்காத கனத்தோடு, வேலியைத் தாண்டி வந்தது.

"பேடிக்காம ஊத்துலே. எனக்க கணக்கு தப்பாது."

மூன்றும் வார்த்து முடிகிற வரை நின்றேன். ஒன்றும் வெடிக்கவில்லை. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து ஏழு வருஷம் பிடுங்கி வைத்திருந்தவன் நான்.